ஷாஸியாவின் ஊர் ஏக்கம்

பினாங்கு அடுக்குமாடியின் ஏழாம் மாடியில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பதுவரை மல்லிகேஸ்வரிக்கு அத்துப்படி. பக்கத்து வீட்டு ஷாஸியாவின் விசா ஆட்டம் கண்டது மட்டும் தெரியாமல் போயிற்று.

ஷாஸியா கராச்சிப் பெண். வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டுக் கம்பெனிக்கு வேலை பார்ப்பவள். இப்படி வேலை பார்க்க வரும் வெளிநாட்டாருக்கு விசா கொடுக்கும்போதே மணிக்கட்டில் ஒரு பட்டையையும் மாட்டிவிடுகிறார்கள். ஊர் ஏக்கம் நூற்றுக்கு எவ்வளவு என்று அது காட்டும். மாதக் கடைசியில் நாற்பதுக்குக் கீழே இருந்தால், ஆள் இங்கேயே வேரூன்றிவிடுவாள் என்று அர்த்தம், விமானம் ஏற்றிவிடுவார்கள். அங்கிருந்து வேலை பார்க்கக் கம்பெனி விடாது; கராச்சி போனால் வேலையும் போச்சு.

அன்று ஷாஸியா நீட்டிக் காட்டிய பட்டையில் முப்பத்தெட்டு.

"எல்லாம் உங்களாலதான் அக்கா. தினம் மீன் குழம்பு, தினம் அரட்டை. தமிழ்கூட வந்துடுச்சு. எனக்கு எப்படி அழுகை வரும்?"

மல்லிகேஸ்வரிக்கு முதலில் பெருமைதான் பொங்கியது. பிறகுதான் விமானம் நினைவுக்கு வந்தது. மறுநாள் ஷாஸியா கிண்ணத்தோடு வந்து நின்றதும், மாடி முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

"சும்மா சும்மா வந்து நிக்கிறியே, உனக்கு வீடு வாசல் இல்லையா? அம்மா இல்லையா? அங்க போய்ச் சாப்பிடு லா!"

கதவை அறைந்து சாத்திவிட்டு, கதவுத் துளையில் கண்ணை வைத்தாள். ஷாஸியாவின் உதடு துடித்தது. பட்டை அறுபதைக் காட்டியது.

"அக்கா, சும்மாதானே திட்டினீங்க?"

ஆமாம் என்றால் எண் இறங்கிவிடும். மாதக் கடைசிக்கு இன்னும் நான்கு நாள்.

"நிஜமாத்தான் திட்டினேன். போ!" என்றுவிட்டு, மல்லிகேஸ்வரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பட்டை எழுபதுக்கு ஏறியது.