எட்டு புள்ளி நாலு

மீட்டர் இரண்டு புள்ளி ஒன்று என்றது.

பல்லி நம்பவில்லை. கருவியைத் தட்டிப் பார்த்தான். கருவியின் முனை ஒட்டி நிற்பதற்காகத் தடவியிருந்த கூழைத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தடவி, முனையைக் குழாயின் மேல் அழுத்தி வைத்தான். இரண்டு புள்ளி ஒன்று. ஒரு விரல் தள்ளி வைத்தான். இரண்டு.

பல்லி என்பது கூட்டாளி வைத்த பெயர். ஏணி எட்டாத, சாரம் கட்டவும் இடமில்லாத குழாய்களில் கயிற்றில் தொங்கியபடி, இரும்பு இன்னும் எத்தனை மில்லிமீட்டர் மிச்சமிருக்கிறது என்று அளந்து சொல்வதுதான் இருவருக்கும் பிழைப்பு. ஒருவன் தொங்குவான். மற்றவன் தரையில் வாக்கிடாக்கியோடு நின்று எழுதிக்கொள்வான். கீழே நிற்பவனுக்குக் கயிறும் பூட்ஸின் அடிப்பாகமும்தான் தெரியும்.

இந்த வளைவுக்குள் ஓடுவது கொதிக்கும் காரநீர். பட்ட இடத்தில் தோல் மிஞ்சாது.

வளைவுக்கு நேர் கீழே தகரக் கூரை. கூரைக்கு அடியில் பொட்டலம் கட்டும் கூடம். அங்கே உட்கார்ந்து வேலை பார்க்கும் பெண்களில் ஒருத்தி பல்லியின் மனைவி.

போன வருஷம் இங்கே தொங்கியவன் கூட்டாளி. எட்டு புள்ளி நாலு என்று மேலிருந்து கணீரென்று குரல் வந்தது. பல்லி தன் கையாலேயே எழுதிக்கொண்டான். ஒரே வருஷத்தில் ஆறு மில்லிமீட்டர் இரும்பைத் தின்று தீர்க்க எந்தக் காரநீருக்கும் வயிறு கிடையாது.

அப்போதுதான் குழாயை உற்றுப் பார்த்தான்.

அளப்பதென்றால் முதலில் மேலுறைத் தகட்டைக் கழற்ற வேண்டும். பிறகு பெயின்டைக் காசு அகலத்துக்குச் சுரண்டி, இரும்பு பளிச்சென்று தெரிந்த பிறகுதான் கருவியை வைக்க வேண்டும். முடிந்ததும் அதன்மேல் ஒரு பூச்சு அடித்துவிடுவார்கள். ஆனாலும் அந்த வட்டம் தழும்பு மாதிரி நின்றுவிடும்.

இந்த வளைவில் பல்லி இப்போது சுரண்டியதைத் தவிர வேறு தழும்பே இல்லை. குழாய் செய்த பட்டறையில் அடித்த சிவப்பு பெயின்ட் அப்படியே இருந்தது.

தகட்டின் திருகுகள் ஒவ்வொன்றும் துருப்பிடித்து, கழல மாட்டேன் என்று அழிச்சாட்டியம் பண்ணியபோதே அவனுக்கு உறைத்திருக்க வேண்டும்.

சேச்சே, இருக்காது. பக்கத்தில் எங்காவது அளந்திருப்பான். பல்லி இன்னொரு தகட்டையும் கழற்றிப் பார்த்தான். உள்ளே சூடு தாங்கச் சுற்றியிருந்த பஞ்சை விலக்கிக் கையை விட்டுத் தடவினான். எங்கேயும் எதுவும் இல்லை.

கட்டிய மனைவியிடம்கூட அவன் சில்லறைப் பொய்கள் சொன்னதுண்டு. கூட்டாளியிடம் ஒன்றுகூடச் சொன்னதில்லை. கூட்டாளி போட்ட முடிச்சை ஒருநாளும் இழுத்துப் பார்க்காமல்தான் இத்தனை வருஷமும் அந்தரத்தில் தொங்கியிருக்கிறான்.

இன்றைக்கும் தானே ஏறுவதாகத்தான் கூட்டாளி அடம்பிடித்தான். காலையில் ரத்த அழுத்தம் பார்த்த நர்ஸ்தான், இதோடு ஏறினால் ஏறின மாதிரிதான் என்று உட்கார வைத்துவிட்டாள். வீட்டுக்கு மாமியார் வந்திருக்கிறாளா என்று பல்லி கேலி செய்தான். கூட்டாளி சிரிக்கவில்லை.

இடுப்பில் வாக்கிடாக்கி கரகரத்தது.

"என்னடா பல்லி, சத்தத்தையே காணோம்? எவ்ளோ காட்டுது?"

பதில் தன் வாயிலிருந்து எப்படி வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை.

"நீ போன வருஷம் சொன்னதேதான்டா. எட்டு புள்ளி நாலு."

கூட்டாளியின் குரல், நெஞ்சிலிருந்து பாறாங்கல்லை இறக்கி வைத்த குரல், "அப்பாடா!" என்றது.

அளந்தவன் எதற்காக அப்பாடா சொல்ல வேண்டும்?

பல்லிக்கு அதைக் கேட்க இப்போது நேரமில்லை. கட்டுப்பாட்டு அறையின் அலைவரிசைக்கு மாற்றி, ஓட்டத்தை உடனே நிறுத்தச் சொன்னான். கூடத்தில் ஒருவர்கூட இருக்கக் கூடாது என்றான்.

சங்கு அலறியது. கூடத்தின் கதவுகள் திறந்து, தலையில் வலைத்தொப்பி போட்ட பெண்கள் முற்றத்துக்கு ஓடி வந்தார்கள். அவளும் வந்தாள். வந்ததும் நிமிர்ந்து அவனைத்தான் தேடினாள். அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கூட்டாளி முற்றத்தின் நடுவில் வந்து நின்று, இரண்டு கையையும் ஆட்டி மேலே பார்த்து ஏதோ கத்தினான். பல்லி வாக்கிடாக்கியை அணைத்தான்.

ஏறின இடத்தில் பயந்திருப்பான். வெட்கத்தில் வாய்க்கு வந்த ஒரு எண்ணைச் சொல்லியிருப்பான். அவனும் மனுஷன்தானே. துரோகிதான், ஆனாலும் தன் துரோகி என்று பல்லியின் மனசு அந்த நிலையிலும் அவனுக்காக வக்காலத்து வாங்கப் பார்த்தது.

அந்த நேரம் முற்றத்தின் கடைசியில் இருக்கும் கிடங்கிலிருந்து கூட்டாளியின் மனைவி ஓடி வந்தாள். பல்லியின் மனைவியைத் தோளோடு அணைத்துக்கொண்டு, ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்பது போல முதுகைத் தடவிக் கொடுத்தாள். அவளுக்கு எதுவும் தெரிந்திருக்காது.

அவளும் முன்பு கூடத்தில்தான் இருந்தாள். போன வருஷம் இந்த வளைவை அளந்த மறுவாரமே, தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிக் கூட்டாளி அவளைக் கிடங்குக்கு மாற்றிக்கொண்டான். காலியான அவளுடைய நாற்காலியில், சூப்பர்வைசரிடம் தானே போய்ப் பேசி, பல்லியின் மனைவியை உட்கார வைத்தான்.