ஆதாமுக்கு என்ன வியாதி?

கூட வேலை செய்யும் பெஞ்சமினுக்குக் கிட்னி ஆபரேஷன் என்று கேள்விப்பட்டதும், ஹெப்பாள் தொழிற்சாலையில் புதிதாகச் சேர்ந்திருந்த முனிராஜ் பஸ் பிடித்து மைசூர் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டான். பெஞ்சமின் பச்சை உடுப்பில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

“பயமா இல்லையாண்ணா?”

“எதுக்குப்பா? உலகத்துல மொத ஆபரேஷனே ஆண்டவர் செஞ்சதுதான். ஆதாமைப் படைச்சாருல்ல, அவனை அசந்து தூங்க வெச்சு, ஒரு விலா எலும்பை எடுத்துட்டு, அந்த எடத்தைச் சதையால மூடிட்டாரு. அந்தக் கைதான் இன்னைக்கு என்னையும் பார்த்துக்கப் போவுது.”

முனிராஜுக்கு இந்தக் கதை புதிது. “பாவம், ஆதாமுக்கு என்ன வியாதிண்ணா?”

“ஒண்ணும் இல்ல. நல்லா திடமாத்தான் இருந்தான்.”

“பின்ன எதுக்கு வெட்டணும்?”

பெஞ்சமின் பதில் சொல்வதற்குள் நர்ஸ் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்தாள். வாசலில் இன்னொரு ஸ்ட்ரெச்சர் நின்றது. டயாலிசிஸில் வாடிப்போயிருந்த அவர் மனைவி ரூபி அதில் படுத்திருந்தாள்.

“கிட்னி கொடுக்கிறவர் முதல்ல வரட்டும். அம்மா அப்புறம்,” என்றாள் நர்ஸ்.



பெஞ்சமின் ஸ்ட்ரெச்சரில் ஏறிப் படுத்துக்கொண்டார்.

“நான் தூங்கப் போறேன் முனிராஜ். ஏவாளைக் கொஞ்சம் பார்த்துக்க.”