வெளியேறு

ஒரு மொழி என்பது இருநூற்றுப் பதினான்கு வரிகள், அவ்வளவுதான். எங்கள் கல்லூரிப் பேருந்துச் செயலியின் ஆங்கில வரிகள் அத்தனையையும் ஒரே மதியத்தில் தமிழாக்கியவன் என்ற முறையில் இதை அறுதியிட்டுச் சொன்னேன். செயலியைவிட்டுக் கிளம்பும் பொத்தானுக்கு 'வெளியேறு' என்று போட்டிருந்தேன். என்னோடு சேர்ந்து செயலி எழுதிய தில்லைநாயகத்துக்கு அது பிடிக்கவில்லை.

"கிளம்புறவனை இப்படியாடா துரத்துவ? 'போயிட்டு வரேன்'னு போடு."

தில்லை ஆய்வகக் கணினியை அணைக்கும்போதுகூட அதனிடம் 'போயிட்டு வரேன்' சொல்கிறவன். வகுப்பே கேட்கும்படி, "ஏன் மாப்ள, கம்ப்யூட்டர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து ஏத்தி விடுமா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவன் அந்த ஒரு சொல்லுக்காக அரை மணி நேரம் வாதாடினான். எரிச்சலில், "பிடிக்கலைன்னா நீ வெளியேறுடா" என்றேன்.

பையை எடுத்துக்கொண்டு போனான். கணினியிடம்கூட எதுவும் சொல்லவில்லை. மறுநாள் செயலியின் பயனர் பட்டியலில் 'தில்லைநாயகம் வெளியேறினார்' என்றிருந்தது. பிழையில்லாத தமிழ். என் தமிழ்தான்.

அதன் பிறகு அவன் ஆய்வகத்துக்கே வரவில்லை. நான்காம் நாள் பொத்தானை மாற்றினேன். புதிய பதிப்பில் என்ன மாற்றம் என்று கேட்ட கட்டத்தில் 'சிறு பிழை திருத்தம்' என்று எழுதினேன். கணினியை அணைத்துவிட்டுக் கதவுவரை போனேன். வராந்தாவில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, அவன் நாற்காலிப் பக்கம் திரும்பி, "போயிட்டு வரேன்" என்றேன்.