வளைவில் ஒரு மறியல்

“நீயெல்லாம் ஒரு இஞ்சினியரா? சோத்துல உப்புப் போட்டுத்தானே திங்கிறே?”

நடுரோட்டில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்த ஒரு வயதான அம்மாளின் குரல், இரண்டு பக்கமும் வரிசையாக நின்ற லாரிகளின் ஹாரனையும் தாண்டிக் கேட்டது. அவளைச் சுற்றிப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் தாய்மார்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

நெடுஞ்சாலைத் துறையின் உதவிப் பொறியாளர் தலைக்கவசத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வெயிலில் நின்றாள். நெற்றியில் வியர்வையும் தார்ப் புழுதியும் கலந்து வழிந்தன.

“அம்மா, கொஞ்சம் அமைதியா இருங்க. பேசித் தீர்த்துக்கலாம்.”

“என்னத்தப் பேசுறது? தலையில தொப்பி வச்சா மட்டும் போதாது, தொப்பிக்குக் கீழ ஏதாவது இருக்கணும்!”

தாய்மார்கள் கைதட்டிச் சிரித்தார்கள். ஒரு லாரி ஓட்டுநர்கூடச் சிரித்தார்.

அந்த வளைவில்தான் பிள்ளைகள் சாலையைக் கடந்து பள்ளிக்குப் போயாக வேண்டும். வளைவில் திரும்பும் வண்டி அவர்களுக்குத் தெரியாது, அவர்கள் வண்டிக்குத் தெரியமாட்டார்கள். போன மாதம் ஒரு சிறுமியின் கால் முறிந்தது. இன்னும் கட்டுப் பிரிக்கவில்லை.

சிக்னல் வேண்டும் என்று உதவிப் பொறியாளர் மூன்று முறை கோப்பு அனுப்பிவிட்டாள். மூன்று முறையும் அது போன வேகத்தில் திரும்பி வந்தது. கடைசியாக நேரிலேயே போய் நின்றபோது, மேலதிகாரி மின்விசிறியைப் பார்த்தபடி சொன்னார்: “அழுற பிள்ளைக்குத்தாம்மா பால். அங்க யாரு அழுதா? ஒரு மனு உண்டா, மறியல் உண்டா? ஒண்ணும் கேக்காத ஜனத்துக்கு நீ ஏன் சிக்னல் கேக்குறே?”

கால் முறிந்த குழந்தை அழுததே என்று சொல்ல அவளுக்கு நாக்குவரை வந்தது. கோப்பை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

இன்று அந்த மேலதிகாரியின் கார் இந்த வழியாகப் பக்கத்து ஊர்ப் பாலத்தைப் பார்க்கப் போனது. போக முடியாமல், லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. அவர் இறங்கி, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே நடந்து வந்தார்.

“யாரும்மா இது, தலைவியா? எந்தக் கட்சி?”

“தெரியல சார்” என்றாள் உதவிப் பொறியாளர்.

முன்வரிசையில் இருந்த ஒரு தாய் எழுந்து பதில் சொன்னாள். “கட்சியெல்லாம் இல்ல சார். யாரோ புண்ணியவதி. காலைல பஸ்ஸ விட்டு இறங்குனாங்க, நேரா வந்து நடுரோட்டுல உக்காந்துட்டாங்க. எங்களுக்காக ஒருத்தங்க உக்காரும்போது நாங்க நின்னா நல்லாவா இருக்கும்? நாங்களும் உக்காந்துட்டோம்.”

மேலதிகாரி, மறியலுக்காக வந்து ஓரமாக நின்ற பெண் போலீசாரைப் பார்த்துக் கண் காட்டினார். இரண்டு பேர் முன்னால் வந்தார்கள். உதவிப் பொறியாளர் குறுக்கே போய் நின்றாள்.

“வயசானவங்க. யாரும் கை வைக்காதீங்க.”

“பாத்தீங்களா, இப்ப மட்டும் கரிசனம் பொங்குது!” அம்மாள் இன்னும் உரக்கக் கத்தினாள். “காலைல எந்திரிச்சா ரோடு, ராத்திரி படுத்தா ரோடு. அப்படியும் ஒரு சிக்னல் வைக்கத் துப்பில்ல. உன்னையெல்லாம் கட்டிக்கிட்டவன் பாவம்!”

அதுவரை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்ற உதவிப் பொறியாளரின் முகம், இதற்கு மட்டும் சட்டென்று சிவந்தது.

மேலதிகாரியின் செல்பேசி அடித்தது. பாலத்தில் அவருக்காக அமைச்சர் காத்திருந்தார். “வந்துட்டேன் சார், வழியில சின்னக் கூட்டம்” என்று குழைந்தவர், பேசி முடித்ததும் இவளிடம் பாய்ந்தார்.

“அந்தக் கோப்பு எங்க?”

“ஜீப்புல இருக்கு சார்.”

“ஜீப்புலயா?”

“திரும்பித் திரும்பி வருதே சார். அலமாரியில வச்சு எடுக்குறது வீண் வேலைன்னு கூடவே வச்சிருக்கேன்.”

அவர் முறைத்தார். ஜீப்பின் முன்பக்கத்தில் கோப்பை விரித்து, கொதிக்கும் தகரத்தில் கை சுட, ‘அவசரம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கூட்டத்தைப் பார்த்துக் கைகூப்பினார். “இந்த மாசமே சிக்னல் வந்துடும். இது என்னோட வாக்கு!”

தாய்மார்கள் ஆரவாரம் செய்தார்கள். அம்மாள் மெல்ல எழுந்து, சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தாள்.

காரில் ஏறும்முன் மேலதிகாரி உதவிப் பொறியாளரின் பக்கம் திரும்பினார். “பாத்தியா, ஜனங்க கேட்டதும் செஞ்சு கொடுத்துட்டேன். இதெல்லாம் நீ முன்கூட்டியே யோசிச்சு எங்கிட்ட சொல்லியிருக்கணும். இவ்வளவு திட்டு வாங்கியிருக்க வேண்டாம்.”

“சரி சார்” என்றாள்.

மாலையில் அவள் வீட்டுக்கு வந்தபோது உடம்பெல்லாம் அடித்துப் போட்டதுபோல் இருந்தது. காலணியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினாள். சமையலறையிலிருந்து வந்த ஒரு கை, சூடான தேநீரை அவள் முன் வைத்தது.

ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

“நான் சொல்லிக் கொடுத்ததை விட நாலு வார்த்தை ஜாஸ்தியாவே திட்டிட்டீங்க, அத்தை.”