கரிச்சானின் முகம்

அந்தச் சிறிய லாயத்தில் இரண்டே பந்தயக் குதிரைகள், செங்கதிரும் கரிச்சானும். அவற்றை ஓட்டக்களத்துக்குக் கூட்டிப் போய்வர மங்கா என்ற வயதான மட்டக்குதிரை இருந்தாள். பந்தயத்துக்கு ஒரு வாரம்தான் இருந்தது. கடைசி ஒத்திகையில் முந்துகிறவனை மட்டுமே அழைத்துப் போவதாகப் பயிற்சியாளர் சொல்லியிருந்தார்.

கரிச்சானைக் கண்டாலே செங்கதிருக்கு வயிறு எரிந்தது. தன்னைவிட அவனை நன்றாகத் தேய்த்துவிடுகிறார்கள் என்று தோன்றும். அவன் தொட்டியில் கொள்ளு கூடுதலாகவே தெரியும். ஓடும்போதும் செங்கதிரின் கண் பக்கவாட்டில் அவன்மேல்தான் இருக்கும். அதனால் தினமும் ஒரு தலையளவு பின்தங்குவான்.

"அவனையே பார்த்துக்கிட்டு எப்படித் தம்பி ஓடுவே?" என்றாள் மங்கா.

"பார்க்காட்டி அவன் என்ன பண்றான்னு எப்படிக்கா தெரியும்?"

பயிற்சியாளரும் இதைக் கவனித்திருந்தார். ஒத்திகையன்று செங்கதிரின் கண்களுக்கு இருபுறமும் தோல் மறைப்பு கட்டினார். முன்னால் கிடந்த மண்தடத்தைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. செங்கதிர் ஓடினான். மூன்று குதிரை நீளம் முந்தி எல்லைக் கம்பத்தைத் தாண்டினான்.

"இவன்தான் போறான்" என்று பயிற்சியாளர் அவன் கழுத்தைத் தட்டினார்.

மறைப்பை அவிழ்த்ததும் செங்கதிர் நேரே மங்காவிடம் வந்தான்.

"அக்கா, நான் முந்தினப்போ அவன் மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

"நான் எங்கே பார்த்தேன்? எல்லாரும் உன்னையில்ல பார்த்துக்கிட்டிருந்தோம்."

தூரத்தில் கரிச்சான் நிம்மதியாகப் புல் தின்றுகொண்டிருந்தான். செங்கதிர் அவன் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"இன்னொரு தடவை ஓடவிடச் சொல்லேன், அக்கா" என்றான். "இந்த மறைப்பு இல்லாம."