பேசக் கூடாத நேரம்

ரிஹாமின் வாயை அடைத்தாகிவிட்டது. இனி அவளால் கத்த முடியாது என்றதும் பெரியப்பா தஸூக்கியின் மீசை குஷியில் காது வரை ஏறியது.

“வாயைத் திறக்கவே கூடாது,” என்றான், அவள் கன்னத்துக்குள் கருவியைப் பொருத்திய டாக்டர் ஹைஸம். “ஒலி அலைதான் கன்னத்துத் தோல் வழியா மருந்தை உள்ளே அனுப்புது. திறந்தா அத்தனை இன்சுலினும் எச்சிலோட போயிடும். பீப் சத்தம் வரட்டும்.”

“திறக்க விட்டீன்னா உன்னைத் தொலைச்சிடுவேன்!” என்றார் தஸூக்கி.

இதற்காகத்தானே காத்திருந்தார்! தகப்பனில்லாத பெண். சிமெண்ட் வியாபாரி பயூமியைக் கட்டிக்கொள் என்றால், அலெக்ஸாண்ட்ரியா துறைமுகத்துக் கப்பலெல்லாம் நங்கூரத்தை அறுத்துக்கொண்டு ஓடுமளவுக்கு ‘மாட்டேன்’ என்று அலறுவாள். அவள் சரியென்றால் பயூமியின் கிடங்கில் தஸூக்கிக்குப் பாதி. கல்யாணமாகாத பெண், காஜி முன்னால் கேட்கும்போது பேசாமலிருந்தால் அதையே சம்மதமாக எடுத்துக்கொள்வது ஊர் வழக்கம்.

கதவு திறந்தது. முதலில் பயூமியின் தொப்பை வந்தது; கொஞ்ச நேரம் கழித்துப் பயூமி வந்தார். பெண் யாரென்றே சொல்லாமல் இழுத்துவரப்பட்ட காஜி, பின்னால் மூச்சிரைக்க நின்றார்.

காஜி ரிஹாமைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்து மறுபடி பார்த்தார். “தஸூக்கி, ஒரு விஷயம்…”

“அப்புறம் சொல்லுங்க! பீப் அடிச்சிடப் போகுது!”

“இது ஆஸ்பத்திரியா, கல்யாண மண்டபமா?” டாக்டர் சீறினான். “அவ பேசுற வரைக்கும் வெளிய நில்லுங்க!”

“ஊசி போடத் தெரியாத பயலுக்கு வாயைப் பாரு!” தஸூக்கி பாய்ந்தார். நாடி பார்க்கிறேன் என்று ரிஹாமின் கையைப் பிடித்தவன் இன்னும் விடாததையும் சேர்த்துத் திட்டியிருப்பார், நேரமில்லை.

“ரிஹாம்! பயூமியைக் கட்டிக்கச் சம்மதமா? இல்லேன்னா இப்பவே சொல்லு!”

கருவியைத் துப்பிவிட்டு அலறியிருக்கலாம். அவளோ கடற்கரையில் காற்று வாங்குகிறவள்போலக் காலாட்டிக்கொண்டிருந்தாள்.

“பார்த்தீங்கல்ல? மூச்சு விடல! எழுதுங்க காஜி!”

பயூமி வெட்கப்பட்டார், தொப்பை குலுங்கியதில் மருந்துப் புட்டிகள் ஆடின.

காஜி பேனா மூடியைத் திறக்கவேயில்லை.

“இவளுக்கும் இந்த டாக்டருக்கும் போன வாரம் நிக்காஹ் பண்ணி வெச்சதே நான்தான்யா!”