கமுக்கமாக ஒரு நிச்சயம்

“நிச்சயத்த ஊரக் கூட்டிச் செய்ய வேணாங்க. நாலு பேரோட கமுக்கமா முடிச்சிக்கலாம்” என்றார் ராஜப்பன்.

மாப்பிள்ளையின் அப்பா. இண்டூரில் பெண் வீட்டுக்குள் நுழைந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. அதற்குள் நாற்காலி முழுக்கப் பரவி உட்கார்ந்து, பஜ்ஜியில் உப்புக் குறைவு என்றும், ஃபேன் காற்றே வரவில்லை என்றும் சொல்லி முடித்திருந்தார்.

அடுத்து கலைமதியின் பக்கம் திரும்பினார்.

அவள் தர்மபுரியில் ஒரு தனியார் கல்லூரியில் தமிழ் நடத்துகிறாள். முப்பது வயதாகப் போகிறது. இரண்டையுமே அவர் குறையாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தார்.

“தமிழ் லெக்சரர்தானம்மா நீ? கமுக்கம்னா என்னா அர்த்தம், சொல்லு பாக்கலாம்.”

அவருடைய மனைவி சிரித்தாள். தன் மகன் இதுவரை ஒரு பெண்ணை நிமிர்ந்து பார்த்ததில்லை என்று அப்போதுதான் சொல்லி முடித்திருந்தாள். மகன் சரத் போனிலிருந்து தலையைத் தூக்கி, அப்பா சிரிக்கிறாரா என்று பார்த்துவிட்டுத் தானும் சிரித்தான். ஓசூரில் கம்பெனி வேலை, நல்ல சம்பளம். பேச்சு மட்டும் அப்பாவின் பொறுப்பு.

“ரகசியம்ங்க” என்றாள் கலைமதி.

“அது எனக்கே தெரியுமே. எங்கருந்து வந்துச்சு அந்த வார்த்த?”

“உறுதியாச் சொல்ல முடியாதுங்க. அக்குளை நம்ம பக்கம் கமுக்கட்டுன்னு சொல்றோமில்லைங்களா, அதுலருந்து வந்துச்சுன்னு ஒரு பேச்சு இருக்குது. யாருக்கும் தெரியாம கமுக்கட்டுல இடுக்கிக்கிறது.”

ராஜப்பன் ஓவென்று சிரித்தார். கமுக்கட்டைப் பற்றித் தெரிந்துகொள்ளத்தான் அத்தனை வருஷம் படித்தாளா என்று கேட்டார். பரீட்சை வைக்கும் ஆசை இன்னும் தீரவில்லை.

“செரி, ஒரு வாக்கியத்துல வெச்சுச் சொல்லு.”

கலைமதி அவரைப் பார்க்கவில்லை. எதிரே பாயில் உட்கார்ந்திருந்த தன் அப்பா பச்சியப்பனைப் பார்த்துச் சொன்னாள்.

“ஓசூர்ல பொண்டாட்டியும் கொழந்தையும் இருக்கறத கமுக்கமா வெச்சிக்கிட்டு, இண்டூருக்குப் பொண்ணு பாக்க வந்தாங்க.”

ராஜப்பனின் வாய் பஜ்ஜியோடு நின்றது. அவர் மனைவி காதுத் தோட்டைத் திருகிக்கொண்டாள். சரத் போனை அணைத்தான், அதுதான் பேசிவிட்டது போல.

பச்சியப்பன் விருட்டென்று எழுந்தார். வேகமாக வாசலுக்குப் போனார்.

கதவைச் சாத்தினார். பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடக் கூடாதல்லவா.

“அதெல்லாம் பேசி முடிச்சாச்சு பாப்பா. அந்தப் பொண்ணு ஒதுங்கிக்கும். உனக்கும் வயசு ஆவுதில்ல? கல்யாணம் முடியட்டும், மெதுவா சொல்லிக்கலாம்னு இருந்தேன்.”

ராஜப்பன் மென்று விழுங்கினார். சம்பந்தியின் பேச்சு அவருக்கு மிகவும் நியாயமாகப் பட்டது.

கலைமதி சமையலறைப் பக்கம் பார்த்தாள். அம்மா மாவுக் கையோடு நின்றிருந்தாள். அவள் முகத்தில் கவலை இருந்தது. அதிர்ச்சி இல்லை.

“காபி ஆறுது. குடிச்சிட்டுக் கெளம்புங்க” என்றாள் கலைமதி, வந்தவர்களிடம்.

சரத்தும் அவன் அம்மாவும் டம்ளரைத் தொடாமல் எழுந்தார்கள். ராஜப்பன் குடித்துவிட்டுத்தான் கிளம்பினார்.

கார் தெரு முனையைத் தாண்டியதும் பச்சியப்பன் கத்த ஆரம்பித்தார். குடும்ப மானம் போயிற்று என்றார். தேடி வந்த வரனைத் துரத்தி அடித்துவிட்டாள் என்றார். எந்த நாய் வந்து அவளிடம் சொன்னது என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

கலைமதி டம்ளர்களை எடுத்துக் கழுவப் போட்டாள்.

சொன்னது சரத்தின் மனைவி பிரியதர்ஷினி. போன மாதம், மத்தியானத்தில், கல்லூரிக்குப் போன் செய்து பேசினாள். அழவில்லை, திட்டவும் இல்லை.

“மாப்பிள்ளையப் பத்தி விசாரிக்கறேன்னு உங்கப்பா எங்க வூட்டுக்கு வந்தப்ப, நாந்தாங்க கதவத் தெறந்தேன். எல்லாத்தையும் சொன்னேன். பாவம், கண்ணு கலங்கிட்டாரு. பொண்ணுகிட்ட இன்னைக்கே சொல்லிடறேன்னாரு. சொல்லிட்டாருங்களா?”

கலைமதிக்கு அதுவரை ஒன்றும் தெரியாது.

“அன்னைக்கே சொல்லிட்டாருங்க” என்றாள்.